பின்னோக்கி நடந்த காவலாளி விழுவார் எனத் தரப்பட்ட சான்று

அனுப்புநர்:
அ. பத்மினி, பி.ஏ.,
கஜா பேராங் சாலை, மலாக்கா.

பெறுநர்:
மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள்,
ஊழியர் உடற்தகுதிப் பிரிவு, மலாக்கா.

பொருள்: கிடங்குக் காவலாளி திரு. அப்பு அவர்களுக்கு மறுபரிசோதனை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பண்டார் ஹிலிர் கிடங்கில் காவல் ஜாகாவாக இருக்கும் என் தந்தை அப்பு, "விரைவில் விழக்கூடியவர்" என்று சான்றளிக்கப்பட்டு, இம்மாத இறுதியில் வேலையிலிருந்து நிறுத்தப்படவிருக்கிறார். வயதானவர்களில் யார் விழுவார் என்பதை அவர்கள் விழுமுன்பே கண்டறியும் இப்புதிய பரிசோதனையின் நல்ல நோக்கத்தை மதிக்கிறேன். அன்று நானும் உடன் வந்து, திறந்திருந்த கதவருகே பெஞ்சில் இருந்தேன். நேரில் பேசக் கூச்சப்படுகிறவள் ஆதலால், கண்டதை எழுதுகிறேன்.

2. முதலில் பரிசோதகர் திரு. கலியாணசுந்தரம் அவரை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். அந்நேரம் தேநீர் வந்துவிட்டதென்று அழைப்பு வர, பக்கத்து அறைக்குப் போய்விட்டார். போதும் என்று யாரும் சொல்லாததால் என் தந்தை அப்படியே நின்றார். காலை இறக்குமாறு நான் சாடை காட்டியதற்கு, "சொன்னவரு வரட்டும்மா" என்றார். பரிசோதகர் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியதும், மரியாதைக்காக இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டார். சான்றில் "நிற்கவில்லை" என்றிருக்கிறது.

3. அடுத்து நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும். பரிசோதகர் கடிகாரத்துடன் நின்றுகொண்டிருந்தார். "ஐயா நிக்கிறீங்க, நான் எப்படிங்க உக்கார்றது" என்ற என் தந்தை, வற்புறுத்தியபின், உட்காருவதுபோல் முழங்காலை மடக்கி, நாற்காலியில் உடம்பு படாமல் அதற்குச் சற்று மேலேயே நின்றார். இது உட்காருவதைவிடக் கடினம். வீட்டில் நான் முயன்று பார்த்தேன். சான்று: "உட்கார இயலவில்லை."

4. பின்னர் எதிர்ச்சுவர் வரை நடந்து திரும்ப வேண்டும். அதிகாரிக்கு முதுகு காட்ட மனமின்றி, கைகட்டியபடி பின்னோக்கியே நடந்து, அலமாரியில் இடித்துக்கொண்டார். புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தில், இளமை முழுவதும் வெள்ளைக்காரத் துரையின் அறையிலிருந்து அப்படித்தான் வெளியே வந்திருக்கிறார். நாடு சுதந்திரம் அடைந்து ஓராண்டு கடந்தும், அச்செய்தி அவருடைய முதுகுக்கு முறைப்படி தெரிவிக்கப்படவில்லை.

5. இதே மனிதர், மழை இறங்கும்போதெல்லாம் ஒரு கையில் விளக்குடன் ஏணியேறிக் கிடங்கின் மேல் சன்னல்களைச் சாத்துகிறார். அங்கே அதிகாரிகள் எவரும் இருப்பதில்லை.

6. வேலை போனாலும் என் சம்பளத்தில் இருவரும் சாப்பிடலாம். ஆனால் சான்றைப் படித்துக் காட்டிய நாள் முதல், அவர் எங்கள் வீட்டுப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். இதற்குமுன் பிடித்ததில்லை.

7. ஆகவே, பரிசோதகர் முதலில் தாம் உட்கார்ந்து, மறுபரிசோதனை நடத்த உத்தரவிட வேண்டுகிறேன். இம்மனுவைக் கொண்டுவந்திருப்பவர் அவரேதான். தாங்கள் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டுதான் இருப்பார். உட்காரச் சொல்லுங்கள், ஒருமுறை சொன்னால் போதாது. விடைபெறும்போது பின்னோக்கியே நடப்பார். தங்கள் அறை வாசற்படி உயரமானது. அதை அவர் தாண்டும்வரை, தாங்கள் தயவுசெய்து சன்னல் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

பணிவுடன்,
அ. பத்மினி

மலாக்கா,
12.11.1958