அதே முகவரியில் இன்னொருவர்

மார்ச் 4, செவ்வாய்

துணிக்கடை கட்டடத்து லிஃப்ட் இன்றும் ஆளே ஏறாமல் நான்காம் மாடிக்குப் போய்க் கதவைத் திறந்துகொண்டு நின்றது. காவலாளி கிட்டவே வரவில்லை. "ஏதோ ஏறிப் போகுதுங்க" என்றார். ஏதோவுக்கு நான்காம் மாடியில் என்ன வேலை, அங்கே கழிப்பறைகூடக் கிடையாதே என்றேன். பிரித்துப் பார்த்தால் பொத்தானுக்குப் பின்னால் ஈரம். பொத்தானை மாற்றி, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். காரணம் இல்லாமல் எந்த லிஃப்டும் நகராது. வேலைக்குச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே இதைத்தான் சொல்வேன்.

வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டு டீச்சர் எனக்காகவே கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

"மத்தியானம் உங்க வீட்டத் தேடி ஒருத்தர் வந்தாரு. கையில கோர்ட் காகிதம் மாதிரி இருந்துச்சு."

"யாரக் கேட்டாரு?"

"எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. ரொம்ப நேரம் தட்டினாரு. கதவுல காத வச்சுக் கேட்டாரு. அப்புறம், 'உள்ள ஆள் இருக்கு, தெறக்க மாட்டேங்கறாங்க'ன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டாரு."

என் மனைவியை அடக்கம் செய்த ஆகஸ்ட் மாதத்திலிருந்து இந்த வீட்டில் நான் ஒருவன்தான். காலையில் பூட்டினால் மாலையில்தான் திறக்கிறேன். உள்ளே எந்த ஆள்?

மார்ச் 5, புதன்

எல்லா அறையையும் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில்கூட. இந்த வயதில்.

மார்ச் 7, வெள்ளி

கோர்ட் காகிதம் என்றால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். போன வருடம் ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவில் ஒரு பெரியவரின் விரல் நசுங்கியது. பராமரிப்பு என் பொறுப்பு. விசாரித்து, என்மேல் தவறில்லை என்று முடித்துவிட்டார்கள். முடித்தது கம்பெனி. கோர்ட்டும் முடித்ததா? யாருக்குத் தெரியும்.

கோர்ட்டின் இணையப் பக்கத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம் என்று சூப்பர்வைசர் சொன்னார். தேடினேன். என் பெயரில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே இன்றுதான் தெரியும். ஒருவன் சீட்டுக் கம்பெனி நடத்தி ஓடியிருக்கிறான். ஒருவன் பக்கத்து வீட்டு வாத்தைத் திருடியிருக்கிறான். எவனும் நானில்லை என்று சொல்லிக்கொண்டேன். வாத்துத் திருடனின் வயது மட்டும் என் வயதாக இருந்தது. அவன்மீது கொஞ்ச நேரம் கோபமாகக்கூட வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

பயம் வந்தால் வீடே வேறு மாதிரி தெரிகிறது. குளியலறையில் அவளுடைய சோப்பு இன்னும் அதன் பெட்டியில்தான் இருக்கிறது. நான் தொடுவதில்லை. அது தேய்ந்திருக்கிறது. எலியா? எலி சோப்பைக் கடிக்கும், தேய்க்காது.

அவள் போன் அலமாரியின் மேல்தட்டில், எப்போதும் இருக்கும் இடத்தில். அணைக்க மனம் வரவில்லை, அதனால் அணைக்கவில்லை. எடுத்துப் பார்த்தேன். முழுக்க சார்ஜ். நான்தான் போட்டிருப்பேன். அரைத்தூக்கத்தில் போட்டிருப்பேன். வேறு யார் போடுவார்கள்.

கேட்டுப் பார்க்கலாம் என்றால் ஆளில்லை. ஒரே ஒருத்தி இருக்கிறாள், அவள் தங்கை. எங்களுக்கெல்லாம் சின்னவள். அடக்கம் முடிந்த அன்று, "காய்ச்சல் வந்த அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும் அத்தான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். இனி இந்த வாசற்படியை மிதிக்காதே என்று சொல்லிவிட்டேன். மிதிக்கவில்லை. அவளுக்கும் ரோஷம் உண்டு.

மார்ச் 10, திங்கள்

வக்கீலைப் பார்த்தேன். அவர் ஆபீஸ் இருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் என் கையில். "லிஃப்ட் மாட்டிக்கிட்டா நான் உங்கள கூப்பிடுறேன். இப்ப நீங்க மாட்டிக்கிட்டீங்களா?" என்று சிரித்தார். அப்புறம் சிரிக்காமல் சொன்னார்: "ஸ்டேஷனுக்குப் போய் 'என் பேர்ல வாரண்ட் இருக்கா'ன்னு கேட்டுடாதீங்க. இருந்தா அங்கயே உக்கார வச்சிருவாங்க. வெள்ளிக்கிழமை எந்தக் கோர்ட்டுப் பக்கமும் தலை காட்டாதீங்க, பிடிச்சா திங்கள் வரைக்கும் உள்ளதான். புதன் காலையில வாங்க. கோர்ட் ஆபீஸ்ல நான் கேட்டுத் தர்றேன்."

வெளியே வந்து தெருவில் நடந்தபோது எதிரில் வந்த எல்லோரும் என்னைத் தெரிந்தவர்கள் மாதிரிப் பார்த்தார்கள். பார்க்கவில்லை என்றும் தெரியும்.

மார்ச் 12, புதன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

கோர்ட் ஆபீஸில் ஒரு அம்மா. மேஜை விசிறிக்குக் காகிதம் பறக்காமல் மேலே ஸ்டேப்ளரை வைத்துக்கொண்டு தேடினார். "உங்க பேர்ல ஒண்ணுமில்ல" என்றார். ஏழு மாதத்தில் முதல்முறையாக முழு மூச்சு விட்டேன். வக்கீல் என் முதுகில் தட்டினார். கிளம்பப் போனோம்.

"இருங்க. அதே முகவரியில இன்னொருத்தர் மேல இருக்கு." பெயரைப் படித்தார்.

அவள் பெயர்.

அவளுடைய தையல் கடை வாசலில் ஒரு விபத்து நடந்தது. லாரி ஏறி ஒரு பையன் காலை இழந்தான். போலீஸிடம் இவள் சாட்சி சொல்லியிருந்தாள். வழக்கு இப்போதுதான் விசாரணைக்கு வந்திருக்கிறது. சம்மன் போயிருக்கிறது, இவள் வரவில்லை. மறு வாய்தாவுக்கும் வரவில்லை. அதனால் பிடியாணை.

"அவ இப்ப இல்லைங்க" என்றேன்.

"எப்ப வருவாங்க?"

அந்த அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. வக்கீல்தான் தாழ்ந்த குரலில் சொன்னார், போன ஆகஸ்டில் என்று. அந்த அம்மா காகிதக் கட்டை மறுபடி பிரித்தார். ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பினார்.

"ஜனவரியில நேர்ல கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்களே."

கடைசி எழுத்தின் வாலை மேலே இழுத்து ஒரு சுழி சுழிப்பாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இதென்ன என்று கேலி செய்திருக்கிறேன். அந்தச் சுழி இருந்தது.

மார்ச் 13, வியாழன்

சோப்பு. போன். "உள்ள ஆள் இருக்கு."

வேலைக்குப் போனேன், எதைப் பிரித்தேன் எதை மாட்டினேன் என்று நினைவில்லை. நாளை போய் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். மனிதர்கள் ஏறுகிற பெட்டி.

மார்ச் 14, வெள்ளி

வெள்ளிக்கிழமை கோர்ட்டுப் பக்கம் போகக் கூடாது என்றவரே இன்று கூட்டிப் போனார். சம்மன் கொடுத்த காவலரைத் தேடிப் பிடித்திருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பொய் சொல்லுகிற முகம் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

"நேர்ல பாத்துக் குடுத்தேன் சார். கதவத் தெறந்தாங்க. நீங்கதானாம்மான்னு கேட்டேன், ஆமாங்கன்னாங்க. கையெல்லாம் ஈரம், தொடச்சிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. பச்ச ஸ்வெட்டர். மேல் பட்டன் இல்ல."

அந்த ஸ்வெட்டர் என் அலமாரியில் மடித்து இருக்கிறது. ஊரார் துணிக்கெல்லாம் பட்டன் தைத்தவள், தன்னுடையதற்குத் தைக்க நேரமில்லாமலே போனாள்.

என் போனில் இருந்த அவள் படத்தைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

"இவங்கதான் சார்" என்றார். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

திரும்பி வரும்போது வக்கீல் சொன்னது: "இறப்புச் சான்றிதழக் காட்டினா வாரண்ட் அப்பவே ரத்து. ஆனா ஜனவரியில யார் வாங்கினாங்கன்னு கேப்பாங்க. காவலர் பொய் சொன்னாரா, யாராவது ஆள்மாறாட்டம் பண்ணாங்களா. ரெண்டாவதுன்னா அந்த ஆளுக்குச் சிறை கூட ஆகலாம். இருபத்தேழாம் தேதி அடுத்த வாய்தா. அதுக்குள்ள யோசிங்க."

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறக்குமுன் ஒரு நிமிடம் நின்றேன். காதை வைத்துக் கேட்டேன் — நானும்.

மார்ச் 18, செவ்வாய்

லீவு போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எப்போதும்போல் வண்டியை எடுத்துப் போய் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, நடந்து வந்து, உள்ளே தாழிடாமல் படுக்கையறையில் உட்கார்ந்தேன். கதவு ஒருக்களித்து. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். திருடனுக்கா? அவளுக்கா? அவளாக இருந்தால் என்ன செய்வேன்? கோர்ட்டில் ஒப்படைப்பேனா?

மதியம். பின்பக்கத்து இரும்புப் படிக்கட்டு அதிர்ந்தது. பின்கதவில் சாவி திரும்பியது. உடைக்கவில்லை, நெம்பவில்லை. பழகிய கை. குழாய் திறந்தது. பாத்திரம் ஒன்று கழுவப்பட்டது. அப்புறம் அவள் வீட்டுச் செருப்பின் சத்தம், இடது காலை லேசாகத் தேய்த்து... ஐயோ, அதே சத்தம். அலமாரி திறந்தது. ஹாலில் நாற்காலி இழுபட்டது. அவள் உட்காருகிற நாற்காலி.

எட்டிப் பார்த்தேன். பச்சை ஸ்வெட்டர். முதுகு. கொண்டை.

பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. அது அவளாக இருக்க வேண்டியிருந்தது எனக்கு, அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"ம்" என்று பதில் வந்தது.

அப்புறம்தான் திரும்பினாள். கண்ணில் அவள் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் சின்னவள்.

மார்ச் 19, புதன்

நேற்று நான்தான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வேண்டாம்.

"வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றாள். "மிதிக்கல அத்தான். பின்னாடி வழியாத்தான் வந்தேன். அக்கா குடுத்த சாவி."

ஓய்வு கிடைக்கிற மதியங்களில் வந்திருக்கிறாள். அக்கா சோப்பில் முகம் கழுவுவாள். அக்கா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். "கொஞ்ச நேரம் போட்டிருந்தா அவ வாசனை வரும். இப்ப வரதில்ல. இப்ப என் வாசனைதான் வருது."

ஜனவரியில் கதவு தட்டிய சத்தத்துக்கு, யோசிக்காமல் போய்த் திறந்திருக்கிறாள். "நீங்கதானாம்மான்னு அக்கா பேரச் சொல்லிக் கேட்டாரு. எத்தன மாசமாச்சு அத்தான் அந்தப் பேர யாராவது அப்படிக் கேட்டு? இல்லன்னு சொல்ல வாய் வரல." கையெழுத்துப் பழக்கிவிட்டவளே அக்காதான். சுழியும் சேர்ந்து வந்திருக்கிறது. வாங்கிய சம்மனை யாரிடமும் காட்டாமல் தன் பையிலேயே மடித்து வைத்திருக்கிறாள். நாலாம் தேதி அவர் மறுபடி வந்து தட்டியபோது சமையலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

நானும் அந்த அம்மாவிடம் சொல்ல முடியாமல்தானே நின்றேன். இவளை எந்த வாயால் திட்டினேன்?

மார்ச் 21, வெள்ளி

வேலை முடிந்து நேராகச் சின்னவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தி ஒன்று சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நான் அக்காவாவே போய் சாட்சி சொல்லிட்டு வந்துடறேன். அந்த லாரி விஷயம் பூரா எங்கிட்ட சொல்லியிருக்கா. யாருக்குத் தெரியப் போகுது? காவலருக்கே தெரியல."

பைத்தியமா உனக்கு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒரு கணம் — உண்மையைத்தான் எழுதுகிறேன் — அப்படியே நடக்கட்டும் என்று இருந்தது. கோர்ட்டில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒருத்தி எழுந்து போவாள். பேசுவாள். அந்த ஒரு நாளாவது...

அன்றைக்கு நாற்காலியில் பார்த்த முதுகு கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மார்ச் 27, வியாழன்

சின்னவள் அக்காவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். வக்கீல் கவனிக்கவில்லை. கோர்ட் நடைக்கூடத்துப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் எது சொன்னாலும் அதையே செய்வாள் என்று தெரிந்தது. அதனாலேயே சொல்ல முடியவில்லை.

வாசலில் கோர்ட் சேவகர், டவாலி, வந்து நின்று அவள் பெயரைச் சொன்னார். முழுப் பெயர், என் பெயரும் சேர்த்து. சத்தமாக. சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கூட்டத்தில் எல்லோரும் தலையைத் திருப்பித் தேடினார்கள்.

இரண்டாவது தடவை சொன்னார். சின்னவள் எழுந்தாள். அவள் உதடு அசைந்தது. வந்துவிட்டேன் என்று சொல்லப் போகிறாள். அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். ஜில்லென்று இருந்தது கை.

மூன்றாவது தடவை சொல்லி முடித்தார். நான் எழுந்தேன்.

"அவ செத்துட்டாங்க. என் மனைவி. போன ஆகஸ்ட்ல செத்துட்டா."

இந்த வார்த்தையை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. புரட்டிப் பார்த்துவிட்டேன்.

உள்ளே மாஜிஸ்திரேட் சான்றிதழைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். யார் போட்டது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நான்தாங்க" என்றாள். ஏன் என்றதற்கு என்னிடம் சொன்னதையே சொன்னாள். அடையாளம் கேட்காமல் கொடுத்த காவலருக்கு வியர்த்துக் கொட்டியது. மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். கோர்ட் கலையும்வரை ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் தண்டனை என்றார். பிடியாணை ரத்து.

சின்னவள் சுவர் ஓரம் உட்கார்ந்தாள். எனக்குத் தண்டனை எதுவும் இல்லை. நானும் உட்கார்ந்தேன், கோர்ட் கலையும்வரை.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் அழைப்பு மணி அடித்தது. இந்த மணிச் சத்தமே மறந்து போயிருந்தது.

சின்னவள். முன்வாசலில். தன்னுடைய சிவப்புச் சட்டை, தன்னுடைய கண்ணாடி. கையில் பின்கதவுச் சாவி.

"வரலாமா அத்தான்?"

"மிதிச்சிட்டு வா" என்றேன். சிரிக்கப் போனாள், அழுதாள். சாவியை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

டீ போட்டேன். எனக்கு வரவே வராது, அதையும் குடித்தாள். காய்ச்சல் வந்த அன்றே கூட்டிப் போயிருக்க வேண்டும்தான் என்று சொன்னேன். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கிளம்பும்போது அலமாரியைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன், இனி அந்தப் போனுக்குச் சார்ஜ் போட வேண்டாம், வீணாக எதற்கு என்று.

"போனையா?" என்றாள். "நான் அதத் தொட்டதே இல்ல அத்தான். நீங்க போடறீங்கன்னு நெனச்சேன்."

ரெண்டு பேரும் மேல்தட்டைப் பார்த்தோம். அப்புறம் அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள், தன்னுடையதை.

ஏப்ரல் 7, திங்கள்

அவள் போனின் சார்ஜரை என் வேலைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். துணிக்கடை லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறது. மாலையில் வந்து போனை எடுத்துப் பார்க்கவில்லை. சின்னவளை அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.