பழுப்பா, சாம்பலா?

சாப்பாடு மேசை மேல மூடி வெச்சிருக்கேன். நான் ஆஸ்பத்திரிக்கு உங்கம்மாகிட்ட போறேன்.

நேத்து அவங்க வழுக்கி விழுந்தப்போ உங்களுக்கு ஒன்பது தடவை போன் பண்ணேன். மீன் பிடிக்க வாங்கின, தண்ணி மேல வெயில் கூசாத புது போலரைஸ்டு கண்ணாடியைப் போட்டிருந்ததால போன் திரை கறுப்பாத் தெரிஞ்சதுன்னு சொன்னீங்க. நானும் நம்பித் தொலைச்சேன்.

காலையில கண்ணாடிக் கடைக்காரர் போன் பண்ணார். அந்தக் கண்ணாடிக்கு உங்க பவர்ல போடற லென்ஸ் பழுப்பா, சாம்பலான்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லையாம். அதனால வேலையே ஆரம்பிக்கலையாம். தண்ணிக்குள்ள மீன் தெரியணும்னா பழுப்புதான் நல்லதுன்னார். சாம்பல்னு சொல்லிட்டேன்.

வரும்போது உங்கம்மாவோட மூக்குக்கண்ணாடியை எடுத்துட்டு வாங்க. அலமாரியில இருக்கு.

பி.கு.: "அவன் எங்கே?"ன்னு நேத்து பூரா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஏரிக்குப் போயிருக்கார்னு சொன்னேன். இன்னைக்கும் கேப்பாங்க. நீங்களே வந்து சொல்லுங்க. பக்கத்துல நின்னு நானும் கேட்டுக்கறேன்.