நஷ்டம் யார் பேரில்

சோழவரம்
8.12.2024

அன்புள்ள செல்வி அக்காவுக்கு,

குப்பு எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? போன் போட்டால் உங்கள் வீட்டுக்கார அண்ணன்தான் எடுக்கிறார், எனக்குப் பேச்சு வரமாட்டேன் என்கிறது. அதனால் என் மகள் அருணாவிடம் பேனா வாங்கி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலத்தில் நாங்கள் வைத்த நெல் முழுக்க மழையில் படுத்துவிட்டது. கதிர் தண்ணீரிலேயே முளைத்துக் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் கடைசியாக நட்ட பயிர், அக்கா. கதிர் வருவதைப் பார்க்காமலே போய்விட்டார்.

வி.ஏ.ஓ. வந்து பார்த்தார். "பட்டா யார் பேர்ல கீதோ அவங்களுக்குத்தான் நிவாரணம் போவும். பயிர் வெச்சது இவங்கதான்னு நிலத்துக்காரரு ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தா, உன் பேர்ல எழுதிக்கிறேம்மா" என்றார். அண்ணனிடம் சொல்லி அதை வாங்கித் தர வேண்டும்.

உரக்கடை பாக்கி இருக்கிறதுதான். அதற்காக மட்டும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் சாவைப் பதியப் போனபோது தொழில் என்ன என்றார்கள். விவசாயம் என்றேன். நிலம் இருக்கிறதா என்றார்கள். இல்லை என்றதும் கூலி என்று எழுதிக்கொண்டார்கள்.

நீங்கள் ஊரில் இருந்தபோது மோட்டார் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போமே. அவர் மடை திருப்புகிற சாக்கில் நம்மேல் தண்ணீர் அடித்துவிட்டு, "இன்னா நிலத்துக்காரம்மா, குளிச்சிகினே போறீங்களா?" என்பாரே. இப்போது அந்தப் பக்கம் போனால் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

உங்கள்
குப்பு


திருநின்றவூர்
27.1.2025

அன்பு குப்புவுக்கு,

சாப்பிடுகிறாயா, இல்லை அழுதுகொண்டே கிடக்கிறாயா? பதில் போடத் தாமதம் செய்துவிட்டேன். அவரிடம் பேச நல்ல நேரம் பார்த்துப் பார்த்து, பேசியும் ஆயிற்று. "கையெழுத்து போட்டா, நாளைக்கு குத்தகைதாரருன்னு கேஸ் போடுவாங்க. நிலம் பூடும்" என்கிறார். உன் வீட்டுக்காரன் லோகு ஒருநாளாவது அப்படிப் பேசினானா என்று கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

நிவாரணம் அவர் கணக்குக்கே வந்துவிட்டது. சண்டை போட்டுப் பாதியை வாங்கியிருக்கிறேன். என் மகன் ஜெகன் கொண்டுவருவான், வைத்துக்கொள்.

மூன்றாவது மாடியில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தொட்டி ஞாபகம்தான். நீ கொண்டுவரும் புது அரிசி இல்லாமல் இந்தப் பொங்கலுக்குக் கடை அரிசியில் பொங்கினேன். வாயில் வைக்கப் பிடிக்கவில்லை. கொஞ்சமாவது தேறியிருந்தால் ஜெகனிடம் அனுப்பு.

சித்திரை ஒன்றாம் தேதி குத்தகைக்கு லோகு வருஷா வருஷம் வைப்பது போல நீயே தாம்பூலத் தட்டு எடுத்து வா. அவர் வெற்றிலையை எடுத்துக்கொள்வார். நிலத்தை நீயே செய். எழுத்தில்தான் அவருக்குப் பயம்.

உன்
செல்வி அக்கா


சோழவரம்
2.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெகன் வந்தான். மோர் கொடுத்தேன், இரண்டு சொம்பு குடித்தான். நன்றாக வளர்ந்துவிட்டான், சுற்றிப் போடுங்கள்.

பணத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். உங்கள்மேல் வருத்தம் இல்லை. எனக்காக அண்ணனிடம் சண்டை போட்டீர்கள், அது போதும். இரக்கப்பட்டுக் கொடுத்து நான் வாங்கிக்கொண்டால், என் வீட்டுக்காரர் கூலியாகவே போய்விடுவார்.

தேர்வாய் கண்டிகையில் அருணா வேலை செய்கிற கம்பெனி கேண்டீனில் காய் நறுக்க ஆள் கேட்டார்கள். போகிறேன். உரக்கடைக்காரர் மெல்லக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

புது அரிசி கேட்டிருந்தீர்கள். ஜெகன் வண்டியில் ஒரு மூட்டை ஏற்றியிருக்கிறேன். நம் வயலில் அள்ளிய முளைத்த நெல். கோழிகூடக் கொத்தாது. நஷ்டத்துக்குப் பணம் அண்ணனுக்கு வந்ததால், நஷ்டமும் அவரிடம்தானே இருக்க வேண்டும். மூட்டைக்குள் மேலாக மோட்டார் கொட்டகைச் சாவி இருக்கிறது. சித்திரைக்கு நான் தட்டு எடுத்து வரமாட்டேன்.

தொட்டியைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் பூட்டினேன். ஊர்ப்பக்கம் வந்தால் காலை நனைத்துவிட்டுப் போங்கள் அக்கா. முழங்காலுக்கு நல்லது.

இப்படிக்கு,
பயிர் வைத்த லோகுவின் மனைவி
குப்பம்மாள்