நீலத்தில் செல்வி சொன்னது

12-8-1971, வியாழன்

படுத்தும் தூக்கம் வரவில்லை.

காலையில் கஞ்சிப் பசையில் நீல வண்ணப் பொடியைக் கலந்து, வகுப்புத் தரையில் பெரிய காகிதத்தை விரித்தேன். "வீடு, பூனை எதுவும் வேண்டாம். கையை வைத்து இஷ்டம்போல இழுங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

சாந்தோம் குப்பத்துச் செல்விக்கு ஐந்து வயது. கடலுக்குப் போன அப்பா திரும்பாத நாளிலிருந்து அவள் பேசுவதில்லை. இன்று முழங்கை வரை நீலமாக, இரண்டு கைகளாலும் சுழற்றிக்கொண்டே இருந்தாள். திடீரென்று ஓரிடத்தில் உள்ளங்கையை அழுத்தி, "நைனா இங்க கீது" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

அதற்குள் பெரிய டீச்சர் வந்துவிட்டார். "படம் எங்கேம்மா? வெறும் அழுக்குதானே இருக்கு!"

"செல்வி பேசினா டீச்சர், இப்பத்தான்..."

அவர் காதில் வாங்கவில்லை. ஆயாவைக் கூப்பிட்டுத் தரையைக் கழுவச் சொன்னார். ஆயா அந்தக் காகிதத்தின் மேலேயே வாளித் தண்ணீரை ஊற்றினாள். நான் தடுப்பதற்குள் நீலம் முழுவதும் சாக்கடைக்குப் போய்விட்டது. செல்வி அழவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் அவள் அம்மாவிடம் சொன்னேன். மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு மகள் முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னா கண்ணு சொன்னே? இன்னொரு தபா சொல்லு."

செல்வி வாய் திறக்கவில்லை.

"நாளைக்கும் அத்தக் குடுப்பியா டீச்சர்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள் அந்த அம்மா. வண்ணப் பொடியை எல்லாம் பெரிய டீச்சர் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். நான் சரியென்று தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறேன்.