கன்னிமாருக்கு விட்ட சோளத்தட்டை

பாச்சலூர்,
ஐப்பசி 12, 1964

அன்பு மகன் ஞானவேலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி லீலாவும் முருகன் புண்ணியத்தில் சுகம், சுகமில்லாதது மக்காச்சோளம் ஒன்றுதான். நீ வடக்கே பிலாயில் வேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருக்க வேண்டும், ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய், ரசம் வைத்து அதில் ஊறப்போட்டுத் தின்று பார், குளிருக்கு வெந்நீரில் குளி.

சோளத்தின் சங்கதியைச் சொல்கிறேன். போன வருஷம் இலையெல்லாம் நீள நீளமாகச் சாம்பல் நிறத்தில் புள்ளி விழுந்து கருகியது உனக்குத் தெரியும். அப்போதே விவசாயம் சொல்லிக்கொடுக்கிற சர்க்கார் கிராம சேவக் வந்து, நோய் விழுந்த தட்டையில்தான் பூசணம் ஒளிந்திருக்கும், ஒன்று விடாமல் எரித்துவிடுங்கள், வருகிற வருஷம் அந்தக் காட்டில் சோளம் வேண்டாம், அவரை போடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். உன் அப்பா அவருக்குக் காப்பி கொடுத்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டி அனுப்பிவிட்டு, அதே காட்டில் சோளத்தையே நெருக்கி விதைத்தார். தட்டையை எரித்தார், அதைக் குறை சொல்ல மாட்டேன். கன்னிமார் சாமிக்கென்று அறுக்காமல் விடுகிற முதல் வரிசையை மட்டும் தொடவில்லை. அது தானாகச் சாய்ந்து மண்ணோடு போகிற வரை யாரும் கை வைக்கக் கூடாது என்பது நம் வழக்கம் அல்லவா. பூசணத்துக்கும் அந்த வழக்கம் தெரியும் போலிருக்கிறது, அங்கேயே பத்திரமாகக் குடியிருந்து, மழை விழுந்ததும் பக்கத்துச் செடியிலிருந்து ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து மேலக்காட்டு நல்லசாமி அண்ணன் வந்தார். அவர் மகன் மணியனுக்கு லீலாவைப் பேசி, தையில் நாள் பார்ப்பதாக இருந்ததை முன்பே எழுதியிருக்கிறேன். சம்பந்தியாகப் போகிற பாசத்தில், மச்சான், சோளம் ஆள் ஒசரத்துக்கு அருமையா நிக்குதுங்க என்று சொல்லிவிட்டார். மறுவாரம் இலை கருகியதும் உன் அப்பா நோயைக் கண்டுபிடித்துவிட்டார், கண் திருஷ்டியாம். பூசணிக்காய் கட்டினார், விபூதி தூவினார், பழைய செருப்பைக் கம்பில் தொங்கவிட்டார். செருப்பில் மட்டும்தான் புள்ளி விழவில்லை.

மணியன் பெரும்பாறைக் காப்பித் தோட்டத்தில் மருந்து அடிக்கிற பையன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அவன் பம்போட வர்றான், கருகின கீழ் எலையக் கிள்ளிப்போட்டு வெரசா அடிச்சா மேல இருக்கிறதையாவது காப்பாத்தலாங்க என்று நல்லசாமி அண்ணன் கேட்டுப் பார்த்தார். கண் வைத்தவன் வீட்டு மருந்தா என்று அப்பா அவரை வரப்போடு திருப்பி அனுப்பினார். போதாக்குறைக்கு அந்த வீட்டுக்குப் பெண்ணும் கிடையாது என்று சொல்லிவிட்டார். இப்போது நம் காட்டு நோய் காற்றில் ஏறி அவர் காட்டிலும் புள்ளி. அண்ணன் தன் கண்ணைத் தனக்கே வைத்துக்கொண்டாராம், உன் அப்பா சொல்கிறார்.

லீலா அன்றிலிருந்து சோறு சரியாகத் தின்னவில்லை. நேற்று அப்பா வெள்ளனே பழனிச் சந்தைக்கு இறங்கியதும், இவள் காட்டுக்குப் போய்க் கன்னிமார் வரிசையைக் கையாலேயே பிடுங்கிக் குவித்துத் தீ வைத்துவிட்டாள். மார்பில் அடித்துக்கொண்டு ஓடினேன். கன்னிமாரும் பொண்ணுங்கதானம்மா, அவங்களுக்குப் புரியும் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு நானும் சேர்ந்து கருகின இலையைக் கிள்ளித் தீயில் போட்டேன். மத்தியானம் மணியன் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தான், நான் பார்க்காத மாதிரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

நாளைக்கு அப்பா வந்துவிடுவார். வரிசையைப் பிடுங்கியது நான்தான் என்று சொல்லப்போகிறேன். சாமி குற்றம் என்று குதிப்பார், என் மேல் குதித்துப் பழகியவர்தான், அவள் மேல் குதித்தால் பிள்ளை தாங்கமாட்டாள். நீ அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. வடநாட்டில் பெரிய பெரிய விவசாயிகள் எல்லாம் ஒரு தட்டை விடாமல் எரிக்கிறார்கள் என்று எழுது. நானும் சேவக்கும் சொன்னால் காதில் ஏறாது, ஸ்டாம்பு ஒட்டி வந்தால் ஏறும்.

பழனியாண்டவன் உனக்குத் துணையிருந்து நோய் நொடியில்லாமல் வைக்கட்டும். மறந்துவிடாதே, லீலா கல்யாணத்துக்குத் தையில் லீவு கேட்டுவிட்டதாகவும் அந்தக் கடிதத்தில் எழுதிவிடு. கேட்காவிட்டாலும் எழுது.

உன் அம்மா,
பிச்சையம்மாள்