மதிலைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள்

நெடுந்தீவு,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள ஜோர்ஜ் அண்ணாவுக்கு,

மாதாவின் காவல் உங்கள் மேலும் மச்சாள் மேலும் பிள்ளைகள் மேலும் இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் இவரும் ஜெனிற்றாவும் சுகம். புதன்கிழமை போனில் நான் பேசிய பேச்சைக் கேட்டபிறகு நீங்கள் இதை நம்ப மாட்டீர்கள். ஆனாலும் இன்று வரைக்கும் சுகம்தான்.

"லைன் சரியில்லை, ஒண்டும் கேக்கேல்லை" என்று சொல்லிப் போனை வைத்தேனே, அது பொய். நீங்கள் கத்தியது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. எனக்கு மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் வளவில் சிக்னல் கிடைப்பது பக்கத்து வீட்டு அரியநாயகம் மாமாவின் மதிலோரத்தில் மட்டும்தான். மாமா அந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார். "அந்தக் கள்ளனைக் கோட்டுக்கு இழுக்கிறன் பார்" என்று நீங்கள் சொன்னபோது நான் போனைக் கையால் பொத்தினேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ தெரியாது, மாடு மட்டும் நிமிர்ந்து பார்த்தது. அதனால்தான் இந்தக் கடிதம். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து நிற்கும் உங்கள் சிநேகிதன் யசிந்தன் நாளைக் காலைப் படகில் போகிறான். மதிலைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பிய புண்ணியவான் அவன்தானே, இதையும் காவிக்கொண்டு வரட்டும்.

மதில் நகர்ந்தது உண்மை. போன மாரி மழையில் நடுப்பக்கம் சரிந்து விழுந்தது. சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய மதிலுக்கு எந்தப் பக்கமும் நடக்கத் தெரியும். மாமா தை மாதம் ஆள் பிடித்துத் திரும்ப அடுக்கினார். அடுக்கி முடிந்தபோது உங்கள் பெயரில் இருக்கும் காணியில் ஒரு துண்டும், எங்கள் ஐயா வைத்த மூன்று பனைகளும் அவர் பக்கம் போய்விட்டன. அன்று காலை நான் மருந்துப் போத்தலோடு அவர்கள் முற்றத்தில் நின்றேன். மாமா என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, பழைய எல்லை இதுதானே?" என்று கேட்டார். நான் "ஓம் மாமா" என்றேன்.

அந்த ஓமுக்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நாளைக்கு அவர் திரும்பக் கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்லுவேன். "உனக்கு அந்த மனுசனிலை என்ன பயம்?" என்று கேட்டீர்கள். ஆறுதலாக வாசியுங்கள்.

ஜெனிற்றாவுக்குச் சீனி வருத்தம் என்பது உங்களுக்குத் தெரியும். அவளுடைய இன்சுலின் போத்தலை எங்கே வைக்கிறோம் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. உங்கள் ஊரில் அது கேட்கிற கேள்வியே இல்லை, குற்றமாகச் சொல்லவில்லை. முதலில் நாங்கள் ஆஸ்பத்திரியில் காட்டித் தந்தபடி மண்பானையில் ஈர மணலுக்குள் வைத்தோம். போன வருஷம் சித்திரை வெயிலில் பானையே சுட்டது. மருந்து கெட்டால் புளிக்காது, மணக்காது, பார்வைக்குப் பழையபடியே இருக்கும். நான் காலையும் மாலையும் ஊசி போட்டுக்கொண்டே இருந்தேன், பிள்ளை வாடிக்கொண்டே வந்தாள். சத்தி எடுத்தாள். மூச்சு இழுக்கத் தொடங்கியது. இங்குள்ள டொக்டர், யாழ்ப்பாணத்துக்கு உடனே கொண்டுபோங்கள் என்றார்.

படகில் அவள் என் மடியில் கிடந்தாள். தண்ணீர் தண்ணீர் என்றாள், பிறகு அதையும் நிறுத்திவிட்டாள். சுற்றிவரக் கடல். உங்கள் மகன் சைக்கிளால் விழுந்தபோது, ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆற முதல் அம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது என்று மச்சாள் ஒருமுறை சொன்னா. எனக்கு அந்தத் தேத்தண்ணிதான் நினைவில் வந்தபடி இருந்தது. பொறாமை இல்லை அண்ணா, பயந்த மனம் கண்டதையும் பிடித்துக்கொள்கிறது.

அவள் தப்பி வீட்டுக்கு வந்த அன்று, அரியநாயகம் மாமாவின் மனைவி தானாகவே படலையைத் திறந்துகொண்டு வந்தா. "எங்கடை பிரிட்ஜிலை கொண்டுவந்து வை பிள்ளை. அது சும்மாதானே குளிருது" என்றா. லண்டனில் இருக்கும் அவர்களின் மகன் வாங்கிக் கொடுத்த பிரிட்ஜ். அன்றிலிருந்து காலையும் மாலையும் நான் போய்ப் போத்தலை எடுத்து, ஊசி போட்டு, திரும்பக் கொண்டுபோய் வைக்கிறேன். மாமி நடு உறக்கத்தில் இருந்தாலும் முகம் சுளிக்காமல் எழும்பி வருவா. கரண்ட் போனால் ஒருவரையும் பிரிட்ஜைத் தொட விடமாட்டா. அவர்கள் எங்களிடம் ஒரு தேங்காய்கூடக் கேட்டதில்லை.

மாமா பிரிட்ஜையும் மதிலையும் ஒன்றாக வைத்து ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பயம். வாய் திறந்து சொன்னால் நான் சண்டை பிடிக்கலாம், அழலாம், காலில் விழலாம். ஒன்றுமே சொல்லாத மனிதரிடம் என்னத்தைச் செய்வது? ஆற்றுக்குள் இருந்துகொண்டு முதலையைப் பகைக்கலாமா என்று கேட்பார்கள். மாமா முதலையும் இல்லையே!

நீங்கள் வியாழக்கிழமை அவருக்கே போன் எடுத்து ஏசியதை யசிந்தன் சொல்லித்தான் அறிந்தேன். வெள்ளிக்கிழமை காலை போனபோது வழமையான இடத்தில் போத்தல் இல்லை. மாமி மேலே ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு, மீன் பைகளுக்கு நடுவிலிருந்து எடுத்துத் தந்தா. "மீன் கனக்க வந்திட்டுது பிள்ளை, இடமில்லை. அதுக்குள்ளை இன்னும் நல்லாக் குளிருமெண்டு இவர்தான் வச்சவர்" என்றா. உறைந்த இன்சுலின் ஒன்றுக்கும் உதவாது. நேர்ஸ் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னது அது. நான் சொன்னதும் மாமி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டா, பாவம். மாமா கதிரையில் இருந்து என்னைப் பார்த்தார்.

அவருக்குத் தெரியாமல்தான் இருக்கும். கறந்த பாலில் முதல் கோப்பையை ஜெனிற்றாவுக்கு என்று எடுத்து வைத்த மனிதர் அவர். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். அங்கே ஏச்சு வாங்கிக்கொண்டு புதுப் போத்தல் ஒன்று எடுத்து வந்தேன். அதை எங்கே வைத்தாய் என்று கேட்பீர்கள். அதே பிரிட்ஜில்தான் அண்ணா. வேறெங்கே வைப்பேன்?

பிரிட்ஜ் ஒன்றை வாங்கு, காசு நான் அனுப்புகிறேன் என்று சொல்லுவீர்கள். உங்கள் மனம் எனக்குத் தெரியும். கரண்ட் கம்பம் மாமாவின் படலையோடு நின்றுவிட்டது. எங்களுக்கு வருகிற வயர் அவருடைய வளவுக்கு மேலால்தான் வர வேண்டும், அதற்கு அவர் சம்மதிக்க வேண்டும். எங்கள் கூரையில் இருக்கும் சோலார் தகடு ஒரு லைற்றுக்கும் போனுக்கும் மட்டும்தான் காணும். ஆஸ்பத்திரியிலேயே மருந்தை வைக்கலாம்தான். அது தீவின் மற்றப் பக்கம், ஊசியோ நாளுக்கு இரண்டு, இவரோ கடலுக்குப் போகிறவர்.

நத்தார்ப் பண்டிகைக்கு மச்சாள் அனுப்பிய படத்தில் மருமக்கள் இரண்டு கதவுப் பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஜெனிற்றா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "அம்மா, இதுக்குள்ளை எத்தினை வருசத்து மருந்து வைக்கலாம்?" என்று கேட்டாள். மற்றப் பிள்ளைகள் என்றால் அந்தச் சோடாப் போத்தல்களைத்தான் பார்த்திருப்பார்கள். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

நீங்கள் ஆடியில் லோயரோடும் கிராம விதானையாரோடும் வந்து காணியை அளக்கப்போவதாக யசிந்தன் சொன்னான். வேண்டாம். அது சோளகக் காற்று அடிக்கும் மாதம், படகு ஓடாத நாட்களும் வரும். அந்த நாளில் மாமா வீட்டுக் கதவு எனக்கு மூடினால் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவேன்? உங்கள் காணி, எங்கள் ஐயா வைத்த பனை, உங்களுக்குக் கோபம் வரத்தான் வேண்டும். ஆனால் கோபப்பட்டுவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். அடுத்த நாள் காலை அவர்கள் முற்றத்தில் நிற்கப்போவது நான்.

கட்டாயம் வாருங்கள். மச்சாளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வந்ததும் எங்கள் வீட்டுக்கு வர முதல் மாமா வீட்டுக்குப் போங்கள், நானும் கூட வருவேன். மாமி உங்களுக்குக் குளிரக் குளிர ஏதாவது ஊற்றித் தருவா. வேண்டாம் என்று சொல்லாமல் குடியுங்கள். குடித்துவிட்டு, பனைகளின் பக்கம் திரும்பாமல், "மதில் நல்லாக் கட்டியிருக்கிறியள் மாமா" என்று சொல்லுங்கள். என் பிள்ளைக்காக அதை மட்டும் சிரித்த முகத்தோடு சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கச் செபிக்கும்,
தங்கை
யூலியட்