கப்பு வந்தது, செருப்பு போனது

ஞாயிறு, ராத்திரி.

இன்னிக்கு ஒத்தச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன். ஆனாலும் ராஜா மாதிரிதான் வந்தேன்.

செஞ்சியில் நடந்த பெண்கள் கபடி ஃபைனலில் எங்க சிங்கவரம் டீம் ஜெயிச்சிடுச்சு! கடைசி ரெய்டில் மூணு பேரைத் தொட்டுவிட்டு வந்து கப்பை வாங்கித் தந்தது என் மகள் செல்வி.

இத்தனை வருஷமாகத் தோற்றது டீம்தான், கேலி எங்களுக்கு. மேட்ச் முடிந்து பஸ் ஏறினால் கண்டக்டர், "தோத்தாங்குளி ஊரெல்லாம் பின்னாடி போ" என்பார். அதுக்குப் பயந்தே ஆட்டம் முடியுமுன் நழுவி, முந்தின பஸ்ஸைப் பிடிப்பது எங்க ஊர் வழக்கம்.

இன்னிக்கு அதே கண்டக்டர், "கப்பு வாங்குன ஊருப்பா, எழுந்து எடம் குடுங்க" என்று என்னை முன் சீட்டில் உட்கார வைத்தார். என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, ஆடுன ஆட்டத்துல செருப்பு போச்சா? ரசிகன்னா இப்டி இருக்கணும்!" என்றார். பஸ்ஸே கை தட்டியது. நானும் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டேன், வெட்கங்கெட்டவன்.

கப்பை மடியில் வைத்திருந்த செல்வி காதோரம் கேட்டாள்: "நைனா, என் கடைசி ரெய்டு எப்டி?"

"பின்னிட்டடி கண்ணு!" என்றேன்.

அந்த ரெய்டின்போது நான் முந்தின பஸ்ஸில் இருந்தேன். இவளும் தோற்றுவிடுவாள் என்று எழுந்து வந்துவிட்டேன். மைக்கில் அவள் பேரைக் கேட்டு, கிளம்பின பஸ்ஸிலிருந்து குதித்தபோதுதான் செருப்பு போனது. அதை மட்டும் சொல்லவில்லை.